அழையா விருந்தாளி



சிட்டுக்குருவி மனிதரை அண்டியே வாழும் பறவை. நடுக்காட்டில் அதைத் தேடிப் பயனில்லை. அடுப்புப் புகை எழும் இடத்தில், அரிசி புடைக்கும் முற்றத்தில், ஆட்கள் நடமாடும் வாசலோரத்தில்தான் அதற்கும் வாழ்வு. மரத்தைக் குடைந்து வீடு செய்துகொள்ள அதற்குத் தெரியாது. ஆகவே நாம் கட்டிய சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு சந்து கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அது கேட்காமலே அதற்கு இடம் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஒரு சிறு மண்முட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, வாய் வெளியே பார்க்கும்படி கூரையோரத்தில் கட்டிவிடுவார்கள். சிங்களவர் வீடுகளிலும் இதைக் காணலாம்; தமிழர் வீடுகளிலும் காணலாம். பதுளைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலும் இஸ்தோப்பு ஓரத்தில் இத்தகைய முட்டிகளைப் பார்த்திருக்கிறேன். குருவி குடியிருக்கும் வீட்டில் குறைவு வராது என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். அது உண்மையோ பொய்யோ, குருவிக்கு இடம் கொடுக்கும் மனம் உள்ள வீட்டில் ஏதோ ஒரு நிறைவு இருக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

முட்டி கட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாத காலத்துக்குள் ஒரு குடும்பத்தின் கதை முழுவதையும் பார்த்துவிடுகிறார்கள். தொண்டையில் கருப்பு அங்கவஸ்திரம் போட்டதுபோல இருக்கும் ஆண் குருவி முதலில் வந்து இடம் பார்க்கும். பிறகு இரண்டும் சேர்ந்து வைக்கோலும் நூலும் இறகும் கொண்டுவந்து திணிக்கும். மூன்று முதல் ஐந்து வரை முட்டைகள். தாயும் தகப்பனும் முறைவைத்து அடைகாக்க, ஏறக்குறைய 12 நாட்களில் குஞ்சு பொரிக்கும். தானியம் தின்னும் பறவைதான் என்றாலும், பிறந்த குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும் தேடித் தேடிக் கொண்டுவந்து ஊட்டும். இன்னும் ஏறக்குறைய 15 நாட்களில் முட்டி காலியாகிவிடும். இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் இவ்வளவு நன்றாகக் கற்பிக்க முடியாது.

ஆனால் அந்த முட்டி சில வேளைகளில் கடினமான கேள்வி ஒன்றையும் நம் வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு பிள்ளையின் கேள்வி

நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் பூசைக்காகப் போயிருந்தேன். பூசை முடிந்ததும் ஒரு தாய் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். பத்து வயது இருக்கும். "சாமி, இவன் ரெண்டு நாளா சரியா சோறு திங்கமாட்டேங்கிறான். நீங்களே கேளுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். அவர்கள் காம்பராவின் இஸ்தோப்பில் தகப்பன் ஒரு முட்டி கட்டியிருந்தார். குருவிகள் வந்து குஞ்சு பொரித்திருந்தன. ஒரு நாள் காலையில் ஒரு மைனா முட்டிக்குள் தலையை விட்டு வைக்கோலை வெளியே இழுத்துப் போட்டது. அதோடு இறகு முளையாத குஞ்சு ஒன்றும் சிமெந்துத் தரையில் விழுந்து செத்தது. பையன் அழுதான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், ரப்பர் கட்டிய கவணோடு காத்திருந்தான். மைனா மறுபடியும் வந்தது. இரண்டாவது கல்லில் அது விழுந்தது. மீதமிருந்த குருவிக் குஞ்சுகள் தப்பின. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவனை வீரன் என்று கொண்டாடினார்கள்.

அன்று மாலையில்தான் அடுத்த காம்பராவின் கூரைச் சந்திலிருந்து சத்தம் கேட்டது. அங்கே மைனாவின் குஞ்சுகள் இருந்தன. துணையிழந்த மற்ற மைனா தனியாக வந்து வந்து போனது. மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. ஐந்தாம் நாள் நின்றுவிட்டது.

"சாமி, நான் குருவியத்தானே காப்பாத்துனேன்? அது பாவமா?" என்று அவன் கேட்டான்.

குருமடத்தில் படித்த நினைவு எனக்கு அப்போது பசுமையாக இருந்தது. "மைனாவுக்கு நம்மைப் போல அழியாத ஆன்மா இல்லை, தம்பி. நீ வேண்டுமென்று கொடுமை செய்யவில்லை. பாவமில்லை, போய்ச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். புத்தகத்தின்படி பிழையான பதில் அல்ல. ஆனால் அவன் முகம் தெளியவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது. தன் கணக்கில் பாவம் எழுதப்பட்டதா இல்லையா என்பது அல்ல அவன் கேள்வி. ஒன்றின்மேல் வைத்த அன்பு இன்னொன்றைக் கொல்லும்படி ஆகிவிட்டதே, இது எப்படி என்பதுதான் அவன் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

கடலுக்கு அப்பால்

பல ஆண்டுகளுக்குப் பின், அதே கேள்வியோடு போராடும் மக்கள் வட அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதை வாசித்து அறிந்தேன். அங்கே நீலக்குருவி என்று ஒரு பறவை உண்டு. முதுகில் வானத்தின் நீலம். நெஞ்சில் செங்கல்லின் நிறம். நியூயோர்க், மிசூரி ஆகிய மாநிலங்கள் அதைத் தங்கள் மாநிலப் பறவையாகக் கொண்டிருக்கின்றன. அதற்கும் மரத்தைக் குடையத் தெரியாது. பட்டமரப் பொந்துகளையே நம்பி வாழ்ந்தது. பட்டமரங்களை மனிதர் வெட்டி அகற்ற, அதன் தொகை குறைந்துகொண்டே வந்தது. அதைக் கண்டு மனம் வருந்தியவர்கள் 1930கள் முதலே வீட்டுத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் பலகைப் பெட்டிகள் செய்து நாட்டத் தொடங்கினார்கள். லோரன்ஸ் ஸெலெனி என்னும் முதியவர் 1976இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1978இல் வட அமெரிக்க நீலக்குருவிச் சங்கம் தோன்றியது. ஆயிரக்கணக்கான சாதாரண குடும்பங்களின் உழைப்பால் அந்தப் பறவை மீண்டும் பெருகியது.

பெட்டியின் வாசலை ஒன்றரை அங்குல வட்டமாக வைப்பார்கள். அதில் ஸ்டார்லிங் என்னும் பெரிய பறவை நுழைய முடியாது. இந்த ஸ்டார்லிங் நம் மைனாவுக்கு உறவு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்றரை அங்குல வாசலில் இன்னொரு பறவை நுழைந்துவிடும். அது பெட்டிக்குள் புகுந்து நீலக்குருவியின் முட்டைகளை உடைக்கும், குஞ்சுகளைக் கொல்லும், சில வேளைகளில் அடைகாக்கும் தாயையே தலையில் கொத்திக் கொன்றுவிட்டு, அதன் உடலின்மேலேயே தன் கூட்டைக் கட்டும்.

அந்தக் கொடிய பறவை எது தெரியுமா, வாசகரே? நம் சிட்டுக்குருவிதான். நம் வீட்டு முட்டியில் குடியிருக்கும் அதே குருவி, அதே இனம். நாம் விருந்தாளி என்று அழைக்கும் பறவையை அங்கே கொலைகாரன் என்கிறார்கள். அங்குள்ள 1918ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம் நீலக்குருவியைக் காக்கிறது. சிட்டுக்குருவிக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே பெட்டி வைத்தவர்களில் சிலர் சிட்டுக்குருவியின் முட்டைகளை எடுத்துவிடுகிறார்கள். சிலர் பொறிவைத்துப் பிடித்துக் கொல்லுகிறார்கள். இன்னும் சிலர், "என்னால் அது முடியாது" என்று சொல்லி, சிட்டுக்குருவி அதிகம் வராத திறந்த வெளிக்குப் பெட்டியை மாற்றுகிறார்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் கலக்கம் அங்கே வயது வந்தவர்களின் உள்ளத்திலும் இருக்கிறது.

குற்றம் யாருடையது?

சிட்டுக்குருவி அமெரிக்காவுக்குத் தானாகப் போகவில்லை. 1851இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், மரங்களின் இலைகளைத் தின்னும் புழுக்களை ஒழிக்கும் என்ற எண்ணத்தில், இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த குருவிகளை மனிதர்களே பறக்கவிட்டார்கள். ஸ்டார்லிங்கும் அப்படியே, 1890இல் நியூயோர்க் நகரப் பூங்காவில் ஏறக்குறைய 60 பறவைகளை ஒருவர் அவிழ்த்துவிட்டார். கொண்டுவந்தவன் மனிதன். பட்டமரத்தை வெட்டிப் பொந்துகளை இல்லாமல் செய்தவனும் மனிதன். பிறகு பெருகிவிட்டது என்று கோபிப்பவனும் மனிதன்.

பகுத்தறிவும் சுயாதீன மனமும் இல்லாத இடத்தில் பாவம் இல்லை என்பது திருச்சபையின் பழைய போதனை. குருவி தன் குஞ்சுக்கு இடம் தேடுகிறது. மைனாவும் அதையே செய்கிறது. நன்மை இன்னது, தீமை இன்னது என்று ஆராய்ந்து அவை எதையும் தெரிவு செய்யவில்லை. ஆகவே குற்றவாளியைத் தேடுகிறவன் பறவையிடம் தேடக்கூடாது.

ஒரு பறவைக்குப் பகைவன் என்று பெயர் சூட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சீனா உலகுக்குக் காட்டியது. 1958இல் அந்நாட்டு அரசு எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து நான்கு பீடைகளை ஒழிக்கும் இயக்கத்தை நடத்தியது. தானியத்தைத் தின்னுகிறது என்பதே அதன்மேல் சுமத்திய குற்றம். மக்கள் தெருவில் நின்று தகரத்தையும் சட்டியையும் தட்டினார்கள். எங்கும் உட்கார இடமின்றிப் பறந்து பறந்து களைத்துப் பறவைகள் செத்து விழுந்தன. பின்னர் பூச்சிகளை உண்ணப் பறவை இல்லாமல் பயிருக்குக் கேடு வந்தது. 1960இல் குருவியின் பெயரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பகைவன் பட்டியலை எழுதிய கைக்கு, அதைத் திருத்தி எழுத இரண்டே ஆண்டு போதுமாயிருந்தது.

இந்த இடத்தில் மலையக வாசகர் ஒருவருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. மனிதனைப் பறவையோடு ஒப்பிடுவது என் நோக்கம் அல்ல. மனிதன் இறைவனின் சாயல். ஆனால் பழிசுமத்தும் வழி இரண்டு இடத்திலும் ஒன்றாயிருக்கிறதே! 1823 முதல் நம் முன்னோரைக் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் கூட்டிவந்தவர்கள் வேறு யாரோ. ஆனால் நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், "நீங்கள் யார்?" என்று உழைத்தவனைக் கேட்டது, கூட்டிவந்தவனைக் கேட்கவில்லை. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். எத்தனையோ குடும்பங்கள் புகையிரத நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தன. மிகுந்தவர்களுக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது 2003இல்.

அந்நியன் என்ற சொல்லின் கனத்தைச் சுமந்த மக்கள் நாம். சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் நிலம்கூட இல்லாமல் லயக் காம்பராவில் இருந்துகொண்டு, குருவிக்கு முட்டி கட்டிக் கொடுத்த மக்கள். ஆகவே அந்தச் சொல்லை, ஒரு மைனாவின்மேல்கூட, நாம் யோசித்துத்தான் வீசவேண்டும்.

வாசலைச் சிறிதாக்கு

அப்படியானால் நடப்பது நடக்கட்டும் என்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதா? அதுவும் சரியல்ல. கூரைச் சந்தில் தானாகக் கட்டிய கூடு வேறு. நாம் கட்டிய முட்டியை நம்பி வந்த கூடு வேறு. முட்டியைக் கட்டியவன் அழைப்புக் கொடுத்தவன். அழைத்தவனுக்குக் காக்கும் கடமை உண்டு.

ஆனால் அந்தக் கடமை எங்கே தொடங்குகிறது? கவணில் அல்ல, முட்டியில் தொடங்குகிறது. அந்தத் தோட்டத்து முட்டியின் வாய் என் கை முழுவதும் நுழையும் அளவு பெரிதாயிருந்தது. சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குல வட்டம் போதும். ஒரு பலகைத் துண்டில் அந்த அளவுக்குத் துளையிட்டு முட்டியின் வாயில் வைத்துக் கட்டியிருந்தால் மைனா நுழைந்திருக்காது. பூனை ஏறும் தூணிலிருந்து தள்ளி, கைக்கு எட்டாத உயரத்தில், ஊவாவின் காய்ந்த காற்று ஆட்டாதபடி இறுக்கிக் கட்டியிருக்கவேண்டும். குஞ்சு இருக்கும்போது அடிக்கடி எட்டிப் பார்க்கக்கூடாது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். அமெரிக்காவில் பெட்டி வைப்பவர்களும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். பாம்பும் பூனையும் ஏறாதபடி கம்பத்தில் தகரக் கூம்பு மாட்டுகிறார்கள்; வாசலை அளந்து வெட்டுகிறார்கள்; இடத்தைத் தெரிந்து நாட்டுகிறார்கள். நன்மை செய்கிறேன் என்று புறப்படுகிறவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும். பாதி செய்துவிட்டு, மீதிக்குப் பிறர்மேல் கல்லெறியக்கூடாது.

எல்லாம் செய்த பிறகும் ஒரு வேளை வேறு வழியே இல்லாமல் போகலாம். அங்கே ஒருவர் மனம் நொந்து ஒரு சிட்டுக்குருவியின் முட்டைகளை எடுத்தால் அவரைக் கண்டனம் செய்ய நான் துணியமாட்டேன். மனிதர் செய்த பிழையின் பாரத்தை அவர் தம் கையில் ஏற்கிறார். ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாயை அவற்றோடு சேர்த்துப் பிடிக்கக்கூடாது, அதைப் போகவிடவேண்டும் என்பதே அது. பசித்த மனிதனுக்கு அனுமதியும் உண்டு. அந்த அனுமதிக்குள்ளேயே ஒரு வேலியும் உண்டு. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்று போதிக்கிறது. மிருகங்களிடம் இரங்கப் பழகியவன் மனிதரிடமும் இரங்க ஆயத்தமாவான் என்று புனித தோமா அக்குவினாஸ் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எண்ணினார். ஆகவே வேறு வழிகளைத் தேடினாயா, கொடுமையின்றிச் செய்தாயா, உள்ளத்தில் பகையும் மகிழ்ச்சியும் இல்லாமல் செய்தாயா என்ற மூன்று கேள்விகளையும் ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. ஏனென்றால் அன்பின் பெயரால் செய்யும் கொலையில்தான் வெறுப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளுகிறது. பிள்ளையைக் காக்கிறேன் என்று அயலானை வெறுப்பதும், இனத்தைக் காக்கிறேன் என்று இன்னோர் இனத்தை அடிப்பதும் நம் நாடு அறியாதவை அல்லவே.

அவன் கண்ட பதில்

அந்தப் பையன் இப்போது வளர்ந்து கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். நத்தார் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவனைப் பூசைக்குப் பிறகு சந்தித்தேன். பல ஆண்டு தாமதித்த பதிலைச் சொல்லிவிடுவோம் என்று, "தம்பி, அந்த மைனாக் கதை நினைவிருக்கிறதா? அன்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. நீ குருவியிடம் வைத்த அன்பு நல்லது. மைனாவின்மேல் குற்றம் இல்லை. முட்டியின் வாய்தான் பெரிது" என்று தொடங்கினேன்.

அவன் சிரித்தான். "வாங்க சாமி, காட்டுறேன்" என்று அழைத்துக்கொண்டு போனான். இஸ்தோப்பில் அதே இடத்தில் ஒரு முட்டி. அதன் வாயில் துளையிட்ட பலகை ஒன்று கம்பியால் கட்டியிருந்தது. பலகை பழசாகிக் கறுத்திருந்தது. "அடுத்த வருசமே செஞ்சிட்டேன் சாமி. குருவி மட்டுந்தான் போகும்" என்றான். அடுத்த காம்பராவின் கூரைச் சந்தைக் காட்டி, "மைனா அங்கன இருக்கு. அதை யாரும் தொடுறதில்ல" என்றான்.

"அன்னைக்கு வந்த வருத்தம்?" என்று கேட்டேன்.

"அது இன்னும் இருக்கு சாமி" என்றான்.

இருக்கட்டும். அது போகவேண்டும் என்று நான் இப்போது விரும்பவில்லை. அன்று நான் அந்த வருத்தத்தை ஒரு நோய் என்று நினைத்து மருந்து கொடுக்கப் பார்த்தேன். உண்மையில் அந்தப் பலகையைச் செய்ய வைத்ததே அந்த வருத்தம்தான்.

குருவிகள் இரண்டு ஒரு காசுக்கு விற்கும் காலத்தில் நம் ஆண்டவர் வாழ்ந்தார். மத்தேயு அவ்வாறு எழுதுகிறார். லூக்காவோ, இரண்டு காசுக்கு ஐந்து என்று எழுதுகிறார். அப்படியானால் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை; கடைக்காரன் கொசுறாகப் போட்டது. அந்த விலையில்லாக் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்றே ஆண்டவர் போதித்தார். நம் முட்டியில் இருப்பது நமக்கு வேண்டிய குருவி. கூரைச் சந்தில் இருப்பது கணக்கில் சேராத ஐந்தாவது.

இந்த வாரம் உங்கள் வீட்டு முட்டியின் வாயை ஒருமுறை அளந்து பாருங்கள், வாசகரே. பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.